பீர்க்கங்காய் ஏன் கசந்தது?

பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் இடம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். போன ஆடியில், ஒரு விதைத் திருவிழாவில் வாங்கிய நாட்டு விதைகளைப் போட்டாராம். எல்லாம் நன்றாக வந்தது. தையில் அந்தச் செடிகளிலேயே விதை எடுத்து மறுபடி போட்டதில் மூன்று கோளாறு. பீர்க்கங்காய் வாயில் வைக்க முடியாத கசப்பு. வெள்ளைக் கத்தரி பத்துச் செடியில் மூன்று வெளிர் ஊதாவாகக் காய்க்கிறது. மாசியில் ஊன்றிய கொடியவரை பந்தல் முழுக்க இலையாக நிற்கிறதே தவிர இந்த ஆனி வரைக்கும் ஒரு பூ இல்லை. 'விதை கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா, நான் எடுத்ததில் தப்பா?' என்பது கேள்வி.

யாரும் ஏமாற்றவில்லை தம்பி. அவரையில் காலம் தப்பிப்போச்சு, அவ்வளவுதான். பீர்க்கும் கத்தரியும் கெட்டது நீங்கள் விதை எடுத்த தை மாதத்துக்கு வெகு முன்னால், அந்தப் பூக்கள் விரிந்த அன்றைக்கு. விதை எடுப்பது என்றால் முற்றிய காயைப் பிளப்பது என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறோம். அது கடைசி வேலை. அதற்கு முன்னால் செடியைக் குறிப்பது, பூவைக் காப்பது, காய் முற்றும் நேரம் வெயில் நாளாக அமையும்படி பட்டம், அதாவது விதைக்கும் பருவம், பார்ப்பது என்று மூன்று வேலை இருக்கிறது.

எங்கள் ஆச்சி கிழிந்த சேலையின் கரையைத் துண்டு துண்டாகக் கிழித்துத் திண்ணையில் ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு வைத்திருப்பாள். தோட்டத்தில் பூ எடுக்க ஆரம்பித்ததும் அந்தக் கொட்டானோடு ஒரு சுற்று வருவாள். எந்தச் செடி முந்திப் பூத்தது, எது இலைச் சுருட்டை நோய் விழாமல் நிற்கிறது, எது கொத்தாகப் பிடிக்கிறது என்று பார்த்து, பிடித்த செடியின் தண்டில் ஒரு கரைத்துணியைக் கட்டுவாள். அதற்கப்புறம் அந்தச் செடியில் நாங்கள் யாரும் கை வைக்கக் கூடாது. 'நெத்துக்கு விட்டிருக்கேன், பறிச்சேன்னா பாத்துக்கோ' என்பாள். நெத்து என்றால் விதைக்காக முற்றிக் காய விட்ட காய். வீட்டில் குழம்புக்குக் காய் இல்லாத நாளிலும் அந்தச் செடியில் காய் தொங்கும்.

நாம் செய்வது நேர்மாறு. நல்ல காயை எல்லாம் பறித்துத் தின்றுவிட்டு, இலைக்குப் பின்னால் ஒளிந்து நாம் மறந்துபோன காய் ஒன்று முற்றிக் கிடந்தால் அதை விதைக்கு வைத்துக்கொள்கிறோம். ஒரே செடியில் முதல் காய்க்கும் கடைசிக் காய்க்கும் தாய் ஒன்றுதான், மரபு மாறிவிடாது. ஆனால் கடைசிக் காய் பிடிக்கும்போது செடிக்குத் தெம்பு போயிருக்கும், நோய் ஏறியிருக்கும், விதை சப்பையாக இருக்கும். அதைவிட முக்கியம், எந்தச் செடி என்று நாம் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பது. காயைப் பறிக்கப் பறிக்கத்தான் செடி மேலும் பூக்கும். இரண்டு காயை முற்ற விட்டால் பூப்பது குறைந்துவிடும். அதனால் சமையலுக்கு ஒரு செடி, விதைக்கு ஒரு செடி என்று முதலிலேயே பிரித்துவிடுவது இரண்டுக்கும் நல்லது. விதைக்கு விட்ட செடியிலும் முதல் ஒன்றிரண்டு காயைப் பறித்து ருசி பார்த்துவிட்டு, அடுத்து வரும் காய்களை நெத்துக்கு விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருமுன், 'நாட்டு' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். கடையில் கிடைக்கும் விதை மூன்று வகை. ஊர் ஊராகக் கைமாறி வந்த மரபு ரகம் ஒன்று. ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து பொறுக்கி எடுத்து நிலைப்படுத்திய ரகம் இன்னொன்று. மூன்றாவது, வேறு வேறு ரகத் தாயையும் தகப்பனையும் கலந்து எடுக்கும் ஹைபிரிட், பாக்கெட்டில் எஃப்-1 என்று போட்டிருப்பார்கள். முதல் இரண்டிலும் விதை எடுத்து மறுபடி போடலாம், வேறு ரகத்தோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால் தாயைப் போலவே வரும். 'பல்கலைக்கழக விதை எல்லாம் ஹைபிரிட்' என்று சிலர் ஒதுக்குகிறார்கள், அது சரியில்லை. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கேகேஎம்-1 கத்தரி, குளத்தூர் நாட்டுக் கத்தரியிலிருந்து பொறுக்கிய ரகம்தான். சின்னதாக, முட்டை வடிவில், பால் வெள்ளையாக, இரண்டு முதல் நான்கு காய் கொத்தாகப் பிடிக்கும். ஊர் ஊராக நடுகிற பிகேஎம்-1 செடிமுருங்கையின் தாய், எப்போதும்வென்றான் ஊர் முருங்கை. பிகேஎம் என்று பெரியகுளத்து முத்திரை குத்தியிருந்தாலும் மூலம் நம் பக்கத்துச் சொத்து.

ஹைபிரிட் விதை முளைக்காது, மலட்டு விதை என்று சொல்வதும் புரளி. நன்றாக முளைக்கும். ஆனால் அடுத்த தலைமுறை பத்துச் செடி பத்து விதமாகப் பிரியும். நானே ஒரு முறை 'நாட்டுத் தக்காளி' என்று ஒரு கடையில் வாங்கிய விதையில் உருண்டை, நீளம், சப்பை என்று ஒரே பாத்தியில் மூன்று சாதி பார்த்தேன். யாரோ ஹைபிரிட் பழத்தைப் பிழிந்து காயவைத்து நாட்டு விலைக்கு விற்றிருக்கிறார்கள். அதனால் புதிதாக வாங்கும் எந்த விதையையும் முதல் வருஷம் பத்துச் செடியாவது போட்டு, எல்லாம் ஒன்றுபோல வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நெத்துக்கு விடுகிறேன்.

சரி, பீர்க்குக்கு வருவோம். உங்கள் வேலியிலோ, பக்கத்து ஓடைக்கரையிலோ பேய்ப்பீர்க்கு படர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சின்னக் காயாக, பார்க்கப் பீர்க்கு மாதிரியே இருக்கும், கசப்பு நாக்கைப் பிடுங்கும். அதுவும் நம் பீர்க்கும் ஒரே இனம். அதன் மகரந்தம் ஒரு பூச்சியின் காலில் ஒட்டி வந்து உங்கள் பூவில் விழுந்தால் போதும். பேய்ப்புடலுக்கும் புடலுக்கும் இதே உறவு, கசப்புச் சுரைக்கும் நல்ல சுரைக்கும் அப்படியே. வெள்ளரிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. வண்டோ பூச்சியோ வராமல் காயே பிடிக்காது. வருகிற பூச்சி எங்கே போய்விட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. பேய்ப்பீர்க்கின் மகரந்தம் விழுந்த அந்தக் காய் கசக்காது. காயின் சதை தாய்க்கொடியின் உடம்பு. உள்ளே இருக்கும் விதை மட்டும்தான் கலப்புப் பிள்ளை. அதனால் போன மார்கழியில் நீங்கள் தின்ற காய் எல்லாம் இனித்திருக்கும், விதையைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அந்த விதை முளைத்துக் கொடியாகிக் காய்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கசப்பு ஓங்கி நிற்கும் குணம் என்பதால் கலந்த விதை எல்லாமே கசக்கும்.

கசக்கும் காயைச் சமைத்துப் பார்க்க வேண்டாம். அந்தக் கசப்பு வேகவைத்தால் போகிற கசப்பு இல்லை. சுரைக்காயில் அது இருந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும். பீர்க்கு, புடல், சுரை எதுவானாலும் நறுக்கும்போது நுனியில் ஒரு துணுக்கை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டியில் போடுவது எங்கள் வீட்டுப் பெண்களின் பழக்கம். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எருக்குழியில் எறிவார்கள்.

சான்று விதை, அதாவது சோதித்துச் சான்று கொடுத்து விற்கும் விதை, உற்பத்தி செய்கிறவர்களுக்கு இந்தக் கொடிவகைகளில் ரகத்துக்கும் ரகத்துக்கும் நடுவே 500 மீட்டர் இடைவெளி கேட்பார்கள். 5 சென்டில் அதற்கு எங்கே போக? பேய்ப்பீர்க்கு யார் வேலியில் இருக்கிறது என்று தேடி வெட்டவும் முடியாது. பூவைக் கட்டுவதுதான் வழி. ஒரு மாலை வேலை, பழகிவிட்டால் பத்து நிமிஷம்.

பீர்க்கம்பூ விளக்கு வைக்கிற நேரத்தில் மலரும். அதனால் மூன்று, மூன்றரை மணிக்கே பந்தலுக்கடியில் போய்விடுங்கள். இலைக்கணுவில் தனியாக, அடியில் விரல் நீளத்தில் வரி வரியாகப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாக இருப்பது ஆண். இன்றைக்கு மலரப்போகும் மொட்டின் நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்; நாளைக்கு மலர்வது பச்சையாக இறுகி இருக்கும். மஞ்சள் தெரியும் பெண் மொட்டு ஒன்று, வேறு கொடியில் ஆண் மொட்டு இரண்டு பார்த்து, வாயைத் தையல் நூலால் மெதுவாகச் சுற்றிவிடுங்கள். இறுக்கினால் இதழ் அறுந்துபோகும். ஆறு மணி வாக்கில் மற்ற பூ எல்லாம் விரிந்திருக்கும்போது இதையும் அவிழ்த்தால் உங்கள் கண்முன்னே மெல்ல விரியும். ஆண் பூவைக் கிள்ளி, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் மஞ்சள் மாவு உதிரும் பாகத்தைப் பெண் பூவின் நடுமுகத்தில் நாலு பக்கமும் ஒற்றி எடுங்கள். இரண்டு ஆண் பூவாலும் ஒற்றலாம். உடனே பெண் பூவின் வாயை மறுபடி நூலால் கட்டிவிட்டு, காம்பில் ஒரு கம்பளி நூலோ சேலைக் கரையோ கட்டிவிடுங்கள். பூ தானாக வாடி உதிர்ந்துவிடும், பிஞ்சு தடிக்கும். பத்துப் பூவில் ஐந்தாறு பிடித்தால் நல்ல கை என்று சொல்வேன்.

புடலும் சுரையும் கூட மாலைப் பூ. பாகல், பூசணி, தடியங்காய் (வெள்ளைப் பூசணி) எல்லாம் விடியலில் மலர்வதால் முந்தின நாள் மாலையே கட்டி வைத்து, காலை ஆறு ஏழு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். தடியங்காயும் மஞ்சள் பூசணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கலந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அவை வேறு வேறு இனம். ஆனால் பீர்க்கும் வரியில்லாத மெழுகுப்பீர்க்கும் கலக்கும்.

கம்பளி நூல் கட்டிய காய் கொடியிலேயே பழுப்பாகிக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். அப்போது அடியில் இருக்கும் மூடியைக் கிள்ளித் தலைகீழாகத் தட்டினால் கறுப்பு விதை மளமளவென்று கொட்டும். சுளகில் போட்டு ஒரு புடை புடைத்தால் சப்பை பறந்துவிடும். மிச்சக் கூடு குளிக்கிற நாராச்சு.

இப்போது உங்கள் பந்தலில் நிற்கும் பீர்க்கில் ஒவ்வொரு கொடியிலும் ஒரு காயைத் தொட்டுப் பாருங்கள். இனிக்கிற கொடி ஒன்றாவது இருந்தால் அது கலக்காத விதை. அதில் பூக்கட்டி விதை எடுங்கள். எல்லாமே கசந்தால் மனசைத் தேற்றிக்கொண்டு பிடுங்கிவிட வேண்டியதுதான். கசக்கிற கொடியைப் பூக்க விடவும் கூடாது, அடுத்த வீட்டுப் பீர்க்கையும் கெடுக்கும்.

கத்தரி விஷயம் அவ்வளவு மோசமில்லை, நல்ல சேதியே உண்டு. கத்தரிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனால் அந்த மகரந்தம் நுனியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத்தான் உதிரும். பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டு உலுக்கும் கருவண்டுகள் அதை எடுத்துக்கொண்டு செடிக்குச் செடி போகும். உங்கள் தோட்டத்திலோ பக்கத்திலோ ஊதாக் கத்தரி இருந்திருக்கும். அதன் கலப்பில் வந்தவைதான் அந்த மூன்று வெளிர் ஊதாச் செடி.

நல்ல சேதி என்னவென்றால், கத்தரியில் ஊதா ஓங்கும் குணம், வெள்ளை அடங்கும் குணம். ஊதாவின் மகரந்தம் விழுந்த விதையில் ஊதாச் சாயல் காட்டிவிடும். ஆகவே சுத்த வெள்ளையாகக் காய்க்கிற மிச்ச ஏழு செடியும் ஊதாவோடு கலக்காதவை. உங்கள் வெள்ளைக் கத்தரி கைவிட்டுப் போகவில்லை. வெளிர் ஊதாச் செடி மூன்றையும் இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். கூட்டாஞ்சோற்றுக்கு ஆகும் என்று விட்டு வைத்தால் அடுத்த சுற்றுக் கலப்புக்கு அதுவே காரணமாகும். இப்படி ரகத்துக்கு ஒவ்வாத செடியை விதைக்காரர்கள் கலவன் என்பார்கள். பூக்குமுன் கண்டுபிடித்தால் உத்தமம். இலையின் நிறம், தண்டின் ஊதா ஓட்டம், முள் ஆகியவற்றைப் பார்த்துப் பழகினால் காய் வருவதற்கு முன்னாலேயே சிலதைப் பிடித்துவிடலாம்.

மிச்ச ஏழில் இப்போது தொங்கும் காயை விதைக்கு எடுக்காதீர்கள். அந்த மூன்றும் கூடவே நின்று பூத்திருக்கின்றன. ஏற்கெனவே பிடித்ததை எல்லாம் பறித்துச் சமைத்துவிட்டு, புதிதாக வரும் மொட்டுகளுக்குப் பை போடுங்கள். நகைக்கடையில் மோதிரம் போட்டுத் தரும் வலைச் சுருக்குப்பை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். மொட்டு விரியுமுன் மாட்டி, காலையில் செடியை ஒரு தட்டுத் தட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். பிஞ்சு கோலி அளவு ஆனதும் பையைக் கழற்றி, காம்பில் துணியைக் கட்டிவிடலாம். கொசுவலையால் செடியையே மூடுகிறவர்களும் உண்டு. எனக்கு ஆடிக்காற்றில் அந்த வலை ஒரே நாளில் பக்கத்து வயலில் கிடந்தது.

விதைக் கத்தரி முழு மஞ்சளாகி, தோல் தடித்து, கொஞ்சம் பழுப்பேறும் வரை செடியில் நிற்க வேண்டும். வெள்ளையோ ஊதாவோ, பழுத்தால் எல்லாம் மஞ்சள்தான். பறித்து நாலைந்து நாள் நிழலில் போட்டால் மெதுவாகும். நறுக்கித் தண்ணீரில் பிசைந்து அலசினால் முற்றிய விதை அடியில் தங்கும், சப்பையும் சதையும் மிதக்கும். மிதப்பதை வடித்துவிட்டு, தங்கியதை அன்றைக்கே பரப்பிவிட வேண்டும். ஈரத்திலேயே கிடந்தால் முளை கட்ட ஆரம்பித்துவிடும். ஆச்சி அடுப்புச் சாம்பலில் பிசறிக் காயவைப்பாள், சாம்பல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், விதை ஒன்றோடொன்று ஒட்டாது. கத்தரி விதை ஒரு கிராமில் 200-க்கு மேல் இருக்கும். உங்கள் இடத்துக்கு ஒரே காய் காணும். ஆனாலும் ஒரு காயோடு நிறுத்தாதீர்கள். ஏழு செடியிலும் ஒவ்வொரு காய் எடுத்துக் கலந்து வையுங்கள். ஒரு செடியின் பலவீனம் முழுத் தோட்டத்துக்கும் வராமல் இருக்கும்.

அடுத்து அவரை. இந்தப் பட்டப் பிசகு நெல்லைப் பக்கம் புதிதாகத் தோட்டம் போடுகிற எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும். நம் பழைய கொடியவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். திருநெல்வேலியில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். நமக்கு உறைக்காது, அவரைக்கு உறைக்கும். மாசியில் ஊன்றினால் பகல் நீண்டுகொண்டே போகும் காலம். அது இலை விட்டுக்கொண்டே இருக்கும். ஆடியில் ஊன்றினாலும் சரி, மாசியில் ஊன்றினாலும் சரி, பூ எடுப்பது ஐப்பசி, கார்த்திகை வாக்கில்தான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றது சும்மா இல்லை. உங்கள் கொடியைப் பிடுங்காதீர்கள். பாதிக்கு வெட்டிவிட்டு, தண்ணீரைக் குறைத்து, ஆடிக்காற்றுக்குப் பந்தலை இறுக்கிக் கட்டி வையுங்கள். கார்த்திகையில் பூக்கும். எல்லாக் காலத்திலும் அவரை வேண்டுமென்றால் கொடி ஓடாமல் குத்தாக நிற்கும் குத்தவரை ரகங்களைப் போடலாம், அவை பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. ருசியில் ஆச்சியின் கொடியவரைக்குப் பக்கத்தில் வராது என்பது என் கட்சி.

விதைக்காரனுக்கு அந்தப் பட்டத்தில் இன்னொரு லாபமும் உண்டு. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை பிறந்ததும் பனி, மாசி பங்குனியில் சுள்ளென்ற வெயில். ஆடியில் ஊன்றிய அவரை தை, மாசியில் நெத்தாகும். மழை படாத நெத்தில் பூசணம் இருக்காது, விதை பளபளவென்று வரும். ஆகவே எந்த விதையானாலும் மழையில்லாத வெயில் காலத்தில் முற்றும்படி பின்னோக்கி எண்ணிப் போடுங்கள். கத்தரிக்கு ஆடி ஆவணியில் நாற்றங்கால். பீர்க்கு, புடல், சுரையை விதைக்காகப் போடுவதென்றால் தைப்பட்டம் நல்லது, தண்ணீர் மட்டும் வேண்டும். காய்க்குப் பட்டம் வேறு, விதைக்குப் பட்டம் வேறு. தென்காசி, கடையம் பக்கத்துக்காரர்கள் ஆனி ஆடியில் நெத்து வரும்படி விட்டால் சாரலில் காயவைக்க இடம் இருக்காது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சீனியவரையும் தட்டைப்பயறும் தன் மகரந்தத்திலேயே பிடிக்கும், பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் அதிகம் கலக்காது. தட்டையில் தேமல் விழுந்த செடியில் மட்டும் விதை எடுக்காதீர்கள், அந்த நோய் விதை வழியாகவும் வரும். தக்காளியும் தன் மகரந்தத்திலேயே பிடிக்கும், சான்று விதைக்கே 25 மீட்டர் இடைவெளி போதும் என்கிறார்கள். தக்காளி விதையைச் சுற்றி வழவழப்பான உறை இருக்கும். சாறோடு பிழிந்து ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் புளிக்க விட்டு அலசினால் கழன்றுவிடும். வெண்டையும் மிளகாயும் தேனீ கை வைக்கும் இனம். வெண்டை மொட்டை முந்தின மாலை நூலால் கட்டிவிட்டால் போதும், உள்ளேயே பிடித்துக்கொள்ளும். சிறுகிழங்கு கேட்கிறவர்களுக்கு: அதில் விதை இல்லை, கிழங்கை நாற்றங்காலில் ஊன்றிக் கொடி நுனியைக் கிள்ளி நடுவதுதான்.

காயவைப்பதில்தான் பாதி விதை செத்துப்போகிறது. நம்மூர் வெயிலில் மொட்டை மாடித் தளம் உள்ளங்காலை வைக்க முடியாதபடி கொதிக்கும், விதை மட்டும் தாங்குமா? சுளகிலோ வேட்டித் துணியிலோ பரப்பி, காலை வெயிலும் சாயங்கால வெயிலும் காட்டுங்கள், உச்சியில் நிழலுக்கு எடுத்துவிடுங்கள். அவரை, தட்டை விதையைக் கடித்தால் பல் பதியாமல் கடுக்கென்று உடைய வேண்டும். பீர்க்கு, சுரை விதை வளைத்தால் வளையாமல் முறிய வேண்டும். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், வைக்கிற இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது தோராயமான கணக்கு. அதனால் காயாத விதையை ஃபிரிட்ஜில் வைத்துப் பயனில்லை. பாட்டிலின் அடியில் நன்றாக வறுத்து ஆறிய அரிசியைப் போட்டு, மேலே விதையைத் துணி முடிச்சாக வைத்து மூடுங்கள். ஒரு வாரத்தில் மிச்ச ஈரத்தை அரிசி வாங்கிக்கொள்ளும்.

அவரைக்கும் பயறுக்கும் வண்டு தனிப் பிரச்சினை. அது பெரும்பாலும் டப்பாவுக்குள் புதிதாக நுழைவதில்லை, நெத்து கொடியில் இருக்கும்போதே முட்டை வைத்துவிடுகிறது. நான் ஒரு வருஷம் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்து மறந்த அவரை, ஆடியில் பிரித்தால் விதைக்கு ஒரு ஓட்டையும் கை நிறைய மாவுமாக இருந்தது. இப்போது கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் வேப்பெண்ணெயை விரலால் தடவிப் பிசறி வைக்கிறேன். செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைக்கும் பழைய முறையும் நன்றாகவே வேலை செய்கிறது, கை மட்டும் சேறாக ஆகும். சுரை, பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பதும் உண்டு.

போடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி முளைப்புப் பாருங்கள். கத்தரி, தக்காளிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடிக்காய்களுக்கும் 60 சதவீதம் என்பது சான்று விதைக்கான அளவு. 20-ல் 14 முளைத்தால் கத்தரி தேறியது. குறைந்தால் எறிய வேண்டாம், கூடுதலாகத் தூவுங்கள்.

விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் சட்டம் இடம் கொடுக்குமா என்று சிலர் தயங்குகிறார்கள். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், பதிவு செய்த ரகமாக இருந்தாலும் விவசாயி விதையை எடுத்து வைத்து, மறுபடி விதைத்து, மாற்றிக்கொண்டு, விற்கவும் உரிமை தருகிறது. அந்த ரகத்தை முத்திரை குத்திய பாக்கெட்டாக மட்டும் விற்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. எங்கள் வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆற்றை ஒட்டி. 2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழை உங்களுக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி எங்கள் அடுப்படிக்குள் வந்தது. பரணில் வைத்த பித்தளைச் சாமான் தப்பியது, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த விதைப் பாட்டில்கள் எல்லாம் சேறு. ஆச்சி காலத்திலிருந்து வந்த வெள்ளைக் கத்தரியும் அதில் போயிற்று. பொங்கலுக்கு ஆலங்குளத்து மதினி வீட்டுக்குப் போனபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். மதினி உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தார்கள். திறந்தால் சாம்பல் பிசறிய கத்தரி விதை. 'மூணு வருஷத்துக்கு முன்னால நீதானே குடுத்த' என்றார்கள். மூன்று வருஷ விதை, 20-ல் 11 முளைத்தது. அதிலிருந்து வந்ததுதான் இப்போது எங்கள் கொல்லையில் காய்க்கிறது.

உங்கள் ஏழு செடியில் பை போட்டு எடுக்கும் விதையை மூன்று பங்கு வையுங்கள் தம்பி. ஒன்று உங்கள் வீட்டில். ஒன்று தெருவில் கத்தரி போடுகிற யாருக்காவது, அவர் வீட்டில் ஊதா இல்லை என்று பார்த்துக்கொண்டு. மூன்றாவது, ஆற்றை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு.